வாசலில் நின்ற வாலாட்டி

நாணல் குளத்தின் வடகரையில் ஒரு பெரிய மண்மேடு இருந்தது. அதற்குள் முப்பது வளைகள். முயல், பெருச்சாளி, அணில், முள்ளம்பன்றி என்று பல குடும்பங்கள் அங்கே ஒன்றாக வாழ்ந்தன. மேட்டுக்கு வாசல் ஒன்றுதான். உள்ளே போனால் பாதை கிளை கிளையாகப் பிரிந்து அவரவர் வளைக்குப் போய்ச் சேரும்.

தென்கரையில் வெறும் பாறை. அங்கே ஒரு பாறை இடுக்கில் குமிழி என்ற முள்ளெலி இருந்தாள். பயந்தால் உடம்பைச் சுருட்டி முள் உருண்டையாகிவிடுவாள். அதனால்தான் அந்தப் பெயர். குமிழிக்குக் கண் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன்னால் புதர்க்காட்டில் தீப்பிடித்தபோது புகையும் பொறியும் பட்டுப் பார்வை போய்விட்டது.

அவளோடு துடியன் என்ற வாலாட்டிக் குருவி இருந்தான். தரையில் குடுகுடுவென்று ஓடி, நிற்கிற நேரமெல்லாம் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைக் குருவியைக் குளத்துப் பக்கம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குமிழி நடந்தால் சருகுக்குள் இருக்கும் பூச்சிகள் துள்ளி வெளியே வரும். துடியன் அவற்றைக் கொத்தித் தின்பான். துடியன் முன்னால் நடந்தால் குமிழிக்கு வழி தெரியும். இதில் யாரும் யாருக்கும் எஜமான் இல்லை.

ஒரு முறை "சிவிக்" என்றால் நேரே வா. இரண்டு முறை என்றால் நில். இழுத்துக் கத்தினால் முன்னால் பள்ளம். வேறு ஏதாவது குறுக்கே நின்றால் துடியன் அதன் பெயரைச் சொல்லிவிடுவான். இது ஒரே நாளில் கைவந்தது இல்லை. முதல் மாதத்தில் கள்ளிச்செடியில் எத்தனை முறை மோதினார்கள் என்று துடியனைக் கேட்டால் சொல்வான். குமிழியைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

பாறையில் வாழ்வது சுகமில்லைதான். கோடையில் பாறை கொதிக்கும். தண்ணீர் குடிக்க நெடுஞ்சரிவில் இறங்க வேண்டும். ஆனால் குமிழியின் ஏக்கம் அதைப் பற்றியது இல்லை.

சாயங்காலம் ஆனால் வடகரை மேட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து உட்கார்ந்து பேசுவார்கள். யார் குட்டிக்குப் பல் முளைத்தது, யாருடைய கோரைக்கிழங்கை யார் தோண்டினார்கள், எந்தப் பக்கம் ஈசல் கிளம்பியது என்று ஊர்க்கதை எல்லாம் ஓடும். குளத்துத் தண்ணீர்மேல் அந்தச் சத்தம் அப்படியே தென்கரைக்கு வந்துவிடும். குமிழி பாறை விளிம்பில் உட்கார்ந்து கேட்பாள். அவர்கள் சிரித்தால் இவளும் சிரிப்பாள். எதற்குச் சிரித்தார்கள் என்று பாதி நேரம் அவளுக்குத் தெரியாது.

"அங்க மெல்லின்னு ஒரு முயலக்கா இருக்காங்க துடியா. திட்டினாக்கூட அவங்க குரல் சிரிக்குது. அவங்க பக்கத்துல குடியிருந்தா எப்படி இருக்கும்!" என்பாள்.

"போன கோடையிலயும் இதையேதான் சொன்னே!" என்பான் துடியன்.

குமிழி முகத்தை வடக்குப் பக்கம் திருப்பிக்கொண்டு பேச்சு அடங்கும்வரை உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் சாயங்காலம் அக்கரையிலிருந்து ஒரு சேதி வந்தது. "மெல்லிக்குப் பக்கத்துல ஏழாம் வளை காலி! வேணுங்கறவங்க வந்து கேக்கலாம்!"

குமிழி எழுந்து நின்றுவிட்டாள். மறுநாள் பொழுது விடிந்ததும் துடியன் முன்னால் நடக்க, குமிழி பின்னால் நடக்க, இருவரும் குளத்தைச் சுற்றிக்கொண்டு வடகரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

வாசலில் மேட்டுத் தலைவர் ஈட்டியப்பர் நின்றிருந்தார். அவர் ஒரு முள்ளம்பன்றி. நடந்தால் முதுகு முள்ளெல்லாம் சலசலக்கும். அவர் வருகிறார் என்று தனியாக யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் தோண்டியார் என்ற பெருச்சாளி. மேட்டின் விதிகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். யாராவது தும்மினால்கூட அதற்கு ஒரு விதி எடுத்துவிடுவார்.

"ஏழாம் வளை காலியா இருக்குன்னு கேள்விப்பட்டேங்க. எனக்குக் கிடைக்குமா?" என்று குமிழி கேட்டாள்.

ஈட்டியப்பர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அட, உனக்கும் முள் இருக்கே! சின்னதா இருந்தாலும் முள்ளு முள்ளுதான். உள்ள வா தாயி!" என்றார்.

துடியன் "சிவிக்" என்று சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தான்.

"நில்லு, நில்லு! இது யாரு?" என்றார் தோண்டியார்.

"துடியனுங்க. எனக்கு வழி காட்றவன்."

"இதுக்குச் சிறகு இருக்கே!"

"குருவின்னா சிறகு இருக்கத்தானே செய்யும்?" என்றான் துடியன்.

"மூணாவது விதி! சிறகுள்ளது எதுவும் மேட்டுக்குள்ள நுழையக் கூடாது!"

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க," என்றாள் குமிழி.

தோண்டியார் அவள் முகத்துக்கு அருகில் வந்து உற்றுப் பார்த்தார். "கண்ணு திறந்துதானே இருக்கு? நல்லாத்தானே நடந்து வந்தே?" பிறகு தன் வாலை அவள் மூக்குக்கு முன்னால் ஆட்டினார். "இப்ப நான் என்ன ஆட்டறேன், சொல்லு பாப்போம்!"

"தெரியலீங்க. காத்து வருது. கொஞ்சம் நாத்தமும் வருது."

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தோண்டியாருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "சரி, இந்தக் குருவி உனக்கு என்ன உறவு? அண்ணனா, தம்பியா, மச்சானா?"

"உறவு எதுவும் இல்லீங்க. அவன் எனக்குக் கண்ணு."

"கண்ணுன்னு ஒரு உறவு எங்க விதியில இல்லையே! இன்னைக்கு ஒரு குருவிய விட்டா நாளைக்கு ஒருத்தன் கொக்கோட வருவான். நாளன்னைக்கு ஒருத்தி மயிலோட வருவா. அந்தத் தோகையை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"எச்சம் வேற போடும்!" என்றது ஆறாம் வளை அணில். அந்த அணில் வாசலெங்கும் துப்பிப் போட்டிருந்த புளியம்பழ ஓட்டைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

துடியனின் சிறகைப் பார்த்ததிலிருந்து ஈட்டியப்பரின் முள்ளெல்லாம் நிமிர்ந்து நின்றன. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"இதோ பாரு தாயி. உனக்கு இடம் உண்டு. அதுக்கு இல்ல. நாங்க ஒண்ணும் ஈவிரக்கம் இல்லாதவங்க கிடையாது. உனக்கு வழி காட்ட ஆள் வேணும், அவ்வளவுதானே? ஒண்ணாம் வளையிலிருந்து வரிசையா, நாளுக்கு ஒரு வளைக்காரங்க உன்னை வெளியே கூட்டிட்டுப் போய்க் கொண்டுவந்து விடுவாங்க. இன்னைக்கு முறை முடிச்சவங்க அடுத்த வளை வாசல்ல ஒரு புளியங்கொட்டையை வெச்சிடணும். கொட்டை யாரு வாசல்ல கிடக்குதோ அவங்கதான் மறுநாள் முறை. ஒரு குருவிக்குப் பதிலா ஒரு மேடே உனக்குத் துணை! போதுமா?"

எல்லோரும் காலால் தரையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். தலைவரைப்போல யாருக்கு மனசு வரும் என்று பேசிக்கொண்டார்கள். குமிழியிடம் போதுமா என்று கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்வதற்கு யாரும் காத்திருக்கவில்லை.

அவள் துடியனைத் தனியாக அழைத்துப்போனாள்.

"என்னடா செய்யறது?"

"நீ போ."

"நீ இல்லாமலா?"

"ரெண்டு கோடையா அந்தப் பக்கமே மூஞ்சியத் திருப்பி உக்காந்திருந்தியே குமிழி! நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்! வாசலுக்கு எதிர்ல ஒரு தாழம்புதர் இருக்கு. நான் அதுல இருக்கேன். எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் தெரியுது. என்னைப் பத்திக் கவலைப்படாதே!"

மேட்டு வாசலிலிருந்து ஈர மண்வாசனை வந்துகொண்டிருந்தது. உள்ளே யாரோ குட்டியைக் கொஞ்சும் சத்தம் கேட்டது. குமிழியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. ஒரு முயல்குட்டியின் காலை உரசிக்கொண்டே அவள் உள்ளே போனாள். துடியன் தாழம்புதரில் போய் உட்கார்ந்தான். அன்று முழுவதும் அவன் வால் ஆடவேயில்லை.

முதல் நாள் குமிழிக்கு எல்லாமே இனித்தது. மேட்டில் ஒரு பழக்கம் இருந்தது. உச்சி வெயிலில் எல்லோரும் வளைக்குள் வந்து கண்ணயர்வார்கள். படுப்பதற்கு முன்னால் பக்கத்து வளைச் சுவரை இரண்டு முறை பிறாண்டுவார்கள். 'நல்லா இருக்கியா?' என்று அதற்கு அர்த்தம். பக்கத்து வளைக்காரர் பதிலுக்கு இரண்டு முறை பிறாண்டினால் 'நல்லா இருக்கேன்' என்று அர்த்தம். குமிழி படுத்திருந்தபோது எட்டாம் வளையின் பக்கமிருந்து பரக், பரக் என்று சத்தம் வந்தது. மெல்லியக்கா! குமிழி எழுந்து உட்கார்ந்து, தன் சின்ன நகத்தால் இரண்டு முறை பிறாண்டினாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் வாசல் பேச்சிலும் உட்கார்ந்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இப்போது தெரிந்தது.

ஆனால் வெளியே போய்வருவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒன்றாம் வளை முயல் அவளைப் பசும்புல் வெளிக்குக் கூட்டிப்போய், "நல்லாச் சாப்பிடு!" என்றது. முள்ளெலி பூச்சி தின்னும், புல் தின்னாது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. மூன்றாம் வளைப் பெருச்சாளி அவளை முதுகில் முட்டி முட்டித் தள்ளிக்கொண்டு போனது. தன் முகத்தில் முள் குத்துகிறது என்று வழியெல்லாம் அவளையே திட்டியது. ஆறாம் வளை அணில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "இங்கயே இரு, இதோ வந்துட்டேன்!" என்று ஒரு புளியமரத்தில் ஏறியது. வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் அது இறங்கியது. அதற்கு ஒரு நல்ல கிளை கிடைத்துவிட்டதாம்!

போகும்போதும் வரும்போதும் எதிர்த் தாழம்புதரிலிருந்து "சிவிக்" என்று ஒரு குரல் வரும். குமிழியின் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். "இங்க வா, இந்தப் பக்கம்!" என்று முறைக்காரர் அவளைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

குமிழி யாரிடமும் குறை சொல்லவில்லை. குறை சொன்னால் பாரமென்று நினைப்பார்கள், பாரமென்று நினைத்தால் போகச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தாள். எத்தனை நாள் ஏங்கிக் கிடைத்த இடம்!

ஏழாம் நாள் வந்தது. குமிழி விடியற்காலையிலேயே தயாராக உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. வெயில் ஏறியது. யாரும் வரவில்லை. உச்சிவேளையில் எட்டாம் வளையிலிருந்து பரக், பரக் என்று மெல்லி பிறாண்டினாள். குமிழி பசியோடு எழுந்து, 'நல்லா இருக்கேன்' என்று இரண்டு முறை பிறாண்டினாள். பொய்தான். வேறென்ன செய்வாள்?

சாயங்காலம் வாசல் பேச்சு தொடங்கியது. கூட்டிப்போக ஆள் வராததால் குமிழி வளைக்குள்ளேயே இருந்தாள். மண் வழியாகப் பேச்சு கேட்டது.

"குமிழி எங்க காணோம்?"

"நல்லாச் சுத்திட்டு வந்து அசதியில தூங்கியிருப்பா!"

"இன்னைக்கு யாரு கூட்டிட்டுப் போனாங்க?"

"யாராவது போயிருப்பாங்க! தலைவர் செஞ்ச ஏற்பாடு தப்பாப் போகுமா?"

"நம்ம மேட்டை மாதிரி ஒரு மேடு உண்டா!" என்றார் தோண்டியார். எல்லோரும் தரையைத் தட்டினார்கள். அந்த அதிர்வு குமிழியின் வயிற்றுக்குக் கீழே வந்து முடிந்தது. அக்கரையில் இருந்தபோது இந்தச் சத்தம் எத்தனை அருகில் இருந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் காலையிலும் யாரும் வரவில்லை. தாகத்தில் நாக்கு வறண்டது. இனி காத்திருந்தால் ஆகாது என்று குமிழி தானாகவே கிளம்பினாள். வளை வாசலில் காலுக்கடியில் வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. மோந்து பார்த்தாள். புளியங்கொட்டை! இது ஏன் இங்கே கிடக்கிறது என்று யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. தாண்டிப்போனாள்.

சுவரை உரசிக்கொண்டே நடந்தாள். பாதை பிரிந்தது. வெளிக்காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முகர்ந்தாள். சரியாகத்தான் திரும்பினாள். ஆனால் அந்தப் பாதையின் நடுவில் தோண்டியார் கிழங்கு சேர்த்துவைக்கத் தோண்டிய குழி மூடாமல் கிடந்தது. இழுத்துக் கத்திச் சொல்ல அங்கே யாரும் இல்லை. குமிழி குழிக்குள் விழுந்தாள். விழுந்த அதிர்ச்சியில் உருண்டையாகச் சுருண்டாள்.

"யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டாள். காலை வேளை. வாசலில் நிற்பவரைத் தவிர எல்லோரும் இரை தேடப் போயிருந்தார்கள்.

எங்கோ வெகுதூரத்தில் "சிவிக், சிவிக்" என்று கேட்டது. பிறகு "சூ! போ!" என்று யாரோ விரட்டும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

உச்சிவேளையில் மெல்லி வளைக்கு வந்தாள். சுவரைப் பிறாண்டினாள். பதில் இல்லை. மறுபடியும் பிறாண்டினாள். அப்போதும் பதில் இல்லை. மெல்லிக்கு என்னவோ போலிருந்தது. ஏழாம் வளைக்கு ஓடினாள், அது காலியாக இருந்தது. பாதைப் பாதையாகத் தேடி, குழிக்குள் சுருண்டு கிடந்த குமிழியைக் கண்டுபிடித்தாள். அவள் போட்ட கூச்சலில் மேடே விழித்துக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து குமிழியைத் தூக்கி மேட்டு வாசலுக்கு வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு அல்லி இலையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள் மெல்லி. குமிழி அதை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

தோண்டியார்தான் முதலில் பேசினார். "முறைக்காரங்க இல்லாம தனியா நடந்தது தப்பு. பதினோராவது விதி!"

"முறைக்காரங்க யாரு? அதைச் சொல்லுங்க முதல்ல!" என்று மெல்லி சீறினாள்.

தோண்டியார் விரல்விட்டு எண்ணினார். "ஆறாம் வளை அணில். அடுத்தது..."

"நான் ஏழாம் வளை வாசல்ல கொட்டையை வெச்சேன்! விதிப்படி வெச்சேன்!" என்று அணில் கத்தியது.

"ஏழாம் வளை யாரோடது?" என்றாள் மெல்லி.

எல்லோரும் குமிழியைப் பார்த்தார்கள். குமிழியைக் குமிழியே கூட்டிப்போக வேண்டும் என்று முறை விழுந்திருக்கிறது! அவள் கொட்டையை எட்டாம் வளைக்கு நகர்த்தவில்லை. அதனால் எட்டாம் வளைக்கும் முறை வரவில்லை. ஒரு முயல்குட்டி களுக்கென்று சிரித்தது. அதன் அம்மா முறைத்ததும் நிறுத்திக்கொண்டது.

மெல்லிக்குக் கண் கலங்கியது. "எனக்குக் கொட்டை வரல. நானும் கேக்கல. சுவரைப் பிறாண்டிட்டு நிம்மதியாத் தூங்கிட்டேன். என்னை மன்னிச்சிடு குமிழி," என்றாள்.

ஈட்டியப்பர் முன்னால் வந்தார். "நடந்தது நடந்துபோச்சு. வரிசையில ஏழாம் வளையை மட்டும் எடுத்துடலாம். ஆறுக்கு அப்புறம் எட்டு. பிரச்சினை தீர்ந்துது!"

"தீரலீங்க," என்றாள் குமிழி.

அவள் தலைவரை எதிர்த்துப் பேசுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவளே எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

"எனக்குத் தாகம் எடுக்கறப்போ தண்ணி வேணும். முறை வர்றப்போ இல்ல. எனக்குப் பூச்சி இருக்கிற இடத்துக்குப் போகணும். புல்லு இருக்கிற இடத்துக்கு இல்ல. துடியனும் நானும் பழகி மூணு வருஷமாச்சு. என் நடை அவனுக்குத் தெரியும். அவன் குரல் எனக்குத் தெரியும். அதை நாளுக்கு ஒருத்தர் புதுசா வந்து செய்ய முடியாதுங்க. எல்லாரும் நல்ல மனசோடதான் செஞ்சீங்க. ஆனா குழிக்குள்ள கிடந்தது நான்தானே!"

"அப்படின்னா பாறைக்கே திரும்பிப் போயேன்! உன்னை யாரு பிடிச்சு வெச்சிருக்கா?" என்றார் தோண்டியார்.

"போக மனசில்லீங்க. எனக்கு இங்கதான் இருக்கணும். உங்க பேச்சுக்கு நடுவுல உக்காரணும். அக்கரையில இருந்து கேட்டுக் கேட்டு நான் அவ்வளவு ஏங்கியிருக்கேன். ஆனா என் கண்ணையும் கூட்டிட்டுத்தான் உள்ள வருவேன்."

தாழம்புதரிலிருந்து துடியன் பறந்துவந்து அவள் பக்கத்தில் இறங்கினான். அவனுடைய வால் இறகு ஒன்றைக் காணோம். காலையில் அவளைத் தேடி வாசலுக்கு வந்து வந்து விரட்டப்பட்டதில் போயிருந்தது.

"பாறைக்குப் போற வழியச் சொல்லட்டுமா குமிழி?"

"வேண்டாம். உள்ள போற வழியச் சொல்லு."

துடியன் வாசலைப் பார்த்தான். அங்கே ஈட்டியப்பர் குறுக்கே போய் நின்றுவிட்டார். முதுகு முள் அத்தனையும் விரிந்து வாசலையே அடைத்திருந்தது.

"நேரே நாலு அடி. அப்புறம் தலைவர்," என்றான் துடியன்.

"இடப்பக்கம்?"

"தலைவரோட முள்ளு."

"வலப்பக்கம்?"

"அங்கயும் தலைவரோட முள்ளுதான்."

குமிழி நடந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. துடியன் "சிவிக், சிவிக்!" என்று எச்சரித்தான். நான்காவது அடியில் அவளுடைய சின்ன முள் தலைவரின் நீண்ட முள்ளில் உரசியது. பயந்தால் சுருண்டுவிடுகிற குமிழி அப்போது சுருளவில்லை.

தலைவரின் முள்ளெல்லாம் சலசலவென்று நடுங்குவது அவளுக்குக் கேட்டது.

"உங்களுக்கு ஏன் நடுங்குது தலைவரே?"

ஈட்டியப்பர் பேசியபோது அது தலைவர் குரலாக இல்லை. "எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. பிறந்து ரெண்டு நாள். முள்ளு இன்னும் இறுகல. உள்ள புகுந்து ஒரு ஆந்தை தூக்கிட்டுப் போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் மூணாவது விதி போட்டேன். சிறகு அடிக்கிற சத்தம் கேட்டாலே எனக்கு உயிர் போகுது தாயி."

மேட்டுக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

குமிழி முகத்தை அவர் பக்கம் நிமிர்த்தினாள். "உங்க வலி எனக்குப் புரியுதுங்க. ஆனா தூக்கிட்டுப் போனது ஆந்தை. வெளியே நிக்கிறது துடியன். குழிக்குள்ள விழுந்தது நான்," என்றாள்.

"சரி. இரக்கப்பட்டு இந்தக் கோடைக்கு மட்டும் விடறேன். மழை வந்ததும் குருவி போயிடணும்."

"மழை வந்தா எனக்குப் பார்வை வந்துடுமா தலைவரே?"

மெல்லி வந்து குமிழியின் பக்கத்தில் நின்றாள். முயல்குட்டிகள் வந்தன. கொஞ்சம் தயங்கிவிட்டு அணிலும் வந்தது. ஆனால் வாசலில் நின்றது ஈட்டியப்பர் ஒருவர்தான். நகர வேண்டியதும் அவர் ஒருவர்தான்.

வெயில் சுட்டது. யாரும் அசையவில்லை.

முதலில் ஒரு முள் தாழ்ந்தது. பிறகு இன்னொன்று. ஈட்டியப்பர் மெதுவாக, நடுங்கிக்கொண்டேதான், ஒரு பக்கமாக ஒதுங்கினார்.

"தோண்டியாரே, மூணாவது விதியை இனிமே இப்படிச் சொல்லும். சிறகுள்ளது எதுவும் உள்ள வரக் கூடாது. ஆனா ஒருத்தருக்குக் கண்ணாவோ காதாவோ காலாவோ இருக்கிறது அவங்களோட சேர்ந்தது. அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்ல. எனக்கும் இல்ல."

தோண்டியார் அதை முணுமுணுவென்று மூன்று முறை சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார்.

"துடியா, இப்ப முன்னால என்ன இருக்கு?" என்று குமிழி கேட்டாள்.

"வழி இருக்கு," என்றான் துடியன்.

அவன் முன்னால் நடந்தான். குமிழி பின்னால் நடந்தாள். தலைவரைக் கடக்கும்போது துடியன் தன் சிறகை உடம்போடு இறுக்கிக்கொண்டு, ஒரு சத்தமும் வராமல் நடந்துபோனான்.

ஒருவரை வீட்டுக்குள் வா என்று அழைத்துவிட்டு அவருடைய கண்ணை மட்டும் வாசலில் விட்டுவிட்டு வரச் சொன்னால், அது இடம் கொடுத்தது ஆகாது.